கரி மிதந்த டம்ளர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நம் அறக்கட்டளை அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிற்கிறது. அதன் கீழே பித்தளைத் தகட்டில், கரியின் குணத்தை நமது முன்னாள் இயக்குநர் விவசாயிகள் முன்னிலையில் இந்த டம்ளரில்தான் நிரூபித்துக் காட்டினார் என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கிறார்கள். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அதைப் படமெடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

போன மாதம் உங்களில் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அந்த டம்ளர் கதைய எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டீர்கள். அதில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டில் உள்ளதில் 'டம்ளர்' என்ற ஒரு சொல் மட்டும்தான் உண்மை. அதுவும் முழு உண்மை இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவள் நான். கணவருக்குக் கட்கியில் வேலை என்பதால் புணேவுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கேம்ப் பகுதியில் இருக்கும் இதே பழைய பங்களாவில், மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். அப்போது கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் ராஸ்தா பேட்டைத் தமிழர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்ததில் அவருடைய தமிழுக்குள் மராத்தியும் இந்தியும் தாராளமாகக் குடியேறியிருந்தன. மனிதருக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. நான் தப்புச் செய்தால் கூப்பிட்டுத் திட்ட மாட்டார். தேநீர் வேளையில் எல்லாரும் கூடியிருக்கும்போது கதையாகச் சொல்லுவார்.

சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி கொண்டுவந்த மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதினேன். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், வானளவு. காரத்தன்மையும் அப்படியே. இந்த நிலத்துக்குப் பொட்டாஷ் உரமே வேண்டாம், ஜிப்சம் போட்டுக் காரத்தைக் குறைக்கவும் என்று பெரிய மனுஷி மாதிரிப் பரிந்துரைத்திருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கிப் படித்தார்.

"அரே பாபா, இது என்னம்மா மண்ணு? இதுல சாம்பார் வெச்சா உப்பே போட வேண்டாம் போலிருக்கே. நெலத்தப் போய்ப் பாத்தியா?"

"இல்லீங்க சார்."

"சல், ஜீப்ல ஏறு."

போய்ப் பார்த்தோம். விவசாயி நிலத்துக்குள் இறங்கச் சோம்பல்பட்டு, பாதையோர மூலையிலேயே மண் தோண்டி எடுத்திருக்கிறார். அந்த மூலையில்தான் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் ஹோலிக்குக் கட்டைகளை அடுக்கி எரிப்பது வழக்கம். நான் பரிசோதித்தது நிலத்தை இல்லை, ஹோலியை. நாலு எட்டு தள்ளி எடுத்த மண்ணில் பொட்டாஷ் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மண்ணக் கேக்கறதுக்கு முன்னாடி பக்கத்து மண்ணக் கேளு. இல்லேன்னா இது சொல்றது நெஜமா பொய்யான்னு எப்படித் தெரியும்?" என்றார். அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், புதிதாக யார் வந்தாலும் 'நம்ம ஹோலி மேடம்' என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டதால் பாடமும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எந்தச் சோதனை போட்டாலும், எதுவுமே செய்யாமல் நிலத்தில் ஒரு பட்டையை ஓரமாக விட்டுவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் நம் அலுவலகத்தின் வேலை, எரிக்காதே என்று சொல்வதுதான். இந்தப் பக்கத்தில் கரும்பு வெட்டியதும் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, தீ வைத்துக் கொளுத்திவிடுவார்கள். முல்ஷி பக்கத்து நெல்காரர்கள் இலைதழை, சுள்ளி, சாணி எல்லாவற்றையும் நாற்றங்காலில் பரப்பி எரித்துவிட்டுத்தான் விதைப்பார்கள். இருவருக்கும் நாங்கள் ஊர் ஊராகப் போய் உபதேசம் செய்தோம். சுவரெல்லாம் 'எரிக்காதீர்' என்று பெயிண்டில் எழுதிவைத்தோம். கேட்டார்களா என்று கேட்காதீர்கள். எழுதினோம்.

இரண்டாயிரங்களின் நடுவில் தலைவர் ஓய்வு பெற, அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். அலுவலகம் முழுவதற்கும் புது இயக்குநராக ஒரு சென்னைக்காரர் வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், பாணேரில் புது அடுக்குமாடியில் குடியிருந்தார், பேச்சில் மன்னர். ஒரு முறை வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது தீயணைப்பு வீரராகப் போனவர், வரும்போது கரி வியாபாரியாக வந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சோகையைத் திறந்தவெளியில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல், மற்றதெல்லாம் புகையாகப் போய்விடும். அதையே காற்றுப் புகாமல் டிரம்முக்குள் மூடி வேகவைத்தால் கரியாகும். அந்தக் கரி மண்ணில் மட்காது, பல தலைமுறை நிற்கும். ஸ்பஞ்சு மாதிரி நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். அமிலம் கூடிப் புளித்த செம்மண்ணுக்கு அது நல்ல மருந்து. எல்லாம் சரி. ஆனால் எந்த மண்ணுக்கு மருந்து என்கிற பாதி, பெரும்பாலும் விமானத்தில் ஏறாமல் அங்கேயே தங்கிவிடும்.

உடனே சுவர் வாசகங்களை மாற்றச் சொன்னார். எங்கள் பெயிண்டர் டப்பாவும் தூரிகையுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், போன வருஷம் எரிக்காதேன்னு எழுதினேன். இப்ப எரின்னு எழுதணுமாமே. எரி, ஆனா மூடிபோட்டு எரின்னு எழுதணுமாம். சுவத்துல அவ்வளவு எடம் இல்லையே?"

அவருடைய கவலை சுவரின் அகலத்தைப் பற்றியது. எனக்கு மண்ணைப் பற்றி. முல்ஷி செம்மண்ணில் முதல் சோதனையைப் போடலாம் என்றேன். இயக்குநர் ஷிரூர் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

"சார், அந்த மண்ணு ஏற்கெனவே காரமுங்க. கரியும் காரம். ரெண்டும் சேர்ந்தா நல்லா இருக்காதுங்க."

"மேடம், மழைக்காலத்துல முல்ஷி ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சீஃப் கெஸ்ட் கார் எப்படிப் போகும்? ஷிரூர்னா ஹைவேல எறங்குனா வயல்."

ஆக, கார் போகும் மண்ணே நல்ல மண் என்று முடிவாயிற்று.

வயல் சுமன்தாயியுடையது. தாயி என்றால் இங்கே அக்கா என்று உங்களுக்குத் தெரியும். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மண்ணைத் தவறாமல் எங்களிடம் கொண்டுவந்து சோதிப்பாள். சொன்னதைச் செய்து பார்ப்பாள். ஊர்க்காரர்கள் அவளை 'ஆபீஸ்காரி' என்று கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே அவள் என்ன போடுகிறாள் என்று எட்டிப் பார்த்து, அடுத்த வருஷம் அதையே போடுவார்கள். இயக்குநருக்கு அவள் பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம். நான் கேட்டேன் என்பதற்காக அவள் சரி என்றாள். அந்த வருஷம் அவளுக்கு சோயாபீன் மட்டும்தான் பயிர். அது போனால் வேறு எதுவும் இல்லை.

கரி போடும் நாளில் இயக்குநரும் வந்தார்.

"சார், ஒரு பட்டை மட்டும் போடாம விட்டு வெக்கோணுங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"விட்டா வர்றவங்க 'இங்க ஏன் விட்டீங்க'ன்னு கேப்பாங்க மேடம். முழுசா போட்டுடுங்க. டெமோன்னா டெமோ மாதிரி இருக்கணும்."

சரிங்க சார் என்றேன். ஆட்கள் கரியைத் தூவிக்கொண்டே போய்க் கிணற்றோரத்துக்கு வந்தபோது கரி தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். ஜீப்பின் பின்னால் தார்பாய்க்கு அடியில் மூன்று மூட்டை பத்திரமாக இருந்தது. சுமன்தாயி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தார்பாயின் நுனியை இழுத்துவிட்டாள். பத்து வரிசைக்கு அந்தப் பட்டை தப்பியது. கரிசல் மண்ணில் கரி விழுந்தால் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? இயக்குநர் முழு வயலும் போட்டாயிற்று என்று திருப்தியாகக் கிளம்பினார்.

விதைத்தாள். வழக்கம்போல விதைத்த கையோடு களைக்கொல்லி தெளித்தாள். மழை பெய்தது. சில வாரம் கழித்து எனக்கு போன்.

"என்ன மேடம், உங்க கரிய எனக்குப் போட்டீங்களா, களைக்குப் போட்டீங்களா?"

அவள் மராத்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். மராத்தியில் இன்னும் கொஞ்சம் காரம் உண்டு.

போய்ப் பார்த்தால் வயல் முழுக்கச் சாரணையும் குப்பைக்கீரையும் செழித்துக் கிடந்தன. எதையும் பிடித்துவைப்பதுதான் கரியின் பெருமை. களைக்கொல்லியையும் பிடித்துவைத்துக்கொண்டது. வேலை செய்ய வேண்டிய மருந்து கரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டதால் களைக்குக் கொண்டாட்டம். களையை விலக்கிப் பார்த்தால், அடியில் சோயா இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக இருந்தன. காரம் கூடினால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் பயிருக்கு எட்டாது. கிணற்றோரப் பட்டையில் மட்டும் களை அவ்வளவாக இல்லை. வரிசை வரிசையாக, கரும்பச்சையாக, சோயா சோயாவாக இருந்தது.

மழை விட்டதும் களை எடுக்கப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள் சுமன்தாயி. விருந்தாளிகளுக்கு வயலைக் காட்டும் விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. இயக்குநர் ஏற்பாடுகளைப் பார்க்க என்னோடு வந்திருந்தார். சாலையில் நின்று வயலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், என்ன பச்ச! பிரமாதம்!"

"சார், அது களைங்க."

அவருக்கு வங்கி மூளை வேகமாக வேலை செய்யும்.

"எடுத்தா மஞ்சள் தெரிஞ்சுடும்ல?"

"தெரியுங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

நான் முடியாது என்றேன். அவர் நேரே அவளிடம் போய், அறக்கட்டளையின் மானம், வரப்போகிற நிதி, ஒரே ஒரு வாரம் என்றெல்லாம் தன் உடைந்த மராத்தியில் கைகூப்பிச் சொன்னார். பெரிய மனிதர் கைகூப்பினால் கிராமத்தில் என்ன செய்வார்கள்? கூட்டி வைத்த பெண்களை அவள் திருப்பி அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்து, "மேடம், ஒவ்வொரு நாளும் அது என் பயிரத் திங்குது. நீங்க சொன்னதாலதான் போட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல், மாலை, ஒலிபெருக்கி என்று ஒன்றும் குறைவில்லை. சிறப்பு விருந்தினர் ஆகுர்டியில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருப்பவர். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கரிசல் மண்ணுக்கு வந்திருந்தார். அவர் தலையசைத்தால் அடுத்த வருஷம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரி போட நிதி வரும். அக்கம்பக்கத்து விவசாயிகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். இந்தக் கரி ஆயிரம் வருஷம் மண்ணில் இருக்கும், நம் பேரன் பேத்திகளுக்கு நாம் விட்டுப்போகும் சொத்து என்று முழங்கினார். சாலையோரம் நின்ற அறங்காவலர்கள், "எவ்வளவு பசுமை!" என்று களைக்குக் கை தட்டினார்கள்.

அதோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. மறுநாள் களையை எடுத்துவிட்டு, அலுவலகத்துக்குள்ளேயே சண்டை போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் தேநீர் கிணற்றுத் திட்டில் வைத்திருந்தது. விருந்தினர் கையில் கோப்பையோடு நின்றவர், எதிரே இருந்த பட்டையைப் பார்த்தார். பட்டறையில் சரக்கைப் பார்த்துப் பழகிய கண். ஒரு செடியை நிமிர்த்திக் காய்களைத் தடவிப் பார்த்தார்.

"அரே வாஹ்! இதுதான் கரி போட்ட எடமா? நல்லா வித்தியாசம் தெரியுதே!" என்றார். அப்பால் இருந்த களைக்காட்டைக் காட்டி, "அங்கெல்லாம் போடலையா?" என்று கேட்டார்.

இயக்குநருக்கு இப்படி ஒரு பட்டை இருப்பதே அந்த நொடி வரைக்கும் தெரியாது. ஆனாலும் மனிதர் அசரவில்லை.

"எக்ஸாக்ட்லி சார். வித்தியாசம் தெரியணும்னுதான் வேணும்னே அப்படி விட்டு வெச்சோம்."

விருந்தினர் திரும்பி விவசாயிகளைப் பார்த்து, அடுத்த வருஷம் உங்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கரி என்று அறிவித்தார். உடனே, "எனக்கு", "எனக்கும்" என்று கைகள் உயர்ந்தன. ஒரு பெரியவர் தன் நாலு ஏக்கருக்கும் சேர்த்துக் கேட்டார். அத்தனையும் இதே கார மண். சுமன்தாயி கூட்டத்தின் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, உரம் தப்பாகப் போட்டால் அடுத்த வருஷம் திருத்தலாம். தண்ணீர் தப்பாகப் பாய்ச்சினால் வடிக்கலாம். மண்ணில் கலந்த கரியை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. ஆயிரம் வருஷம் நிற்கும் என்பதுதானே அதன் பெருமை? இடம் தப்பினால் அந்தப் பெருமையே தண்டனை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம் அது இல்லை.

"தாயி, ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டு வாயேன்" என்றேன்.

இயக்குநருக்கு ஏதோ உறைத்துவிட்டது. பக்கத்தில் வந்து தமிழில் முணுமுணுத்தார்.

"மேடம், இப்ப வேண்டாம். ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்."

"ஆபீஸ்ல மண்ணு இல்லீங்களே சார்."

சுமன்தாயி விருந்தாளிக்குத்தான் தண்ணீர் என்று நினைத்து, வீட்டில் இருந்த நல்ல ஜோடி டம்ளரைத் துலக்கி எடுத்துவந்தாள். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. இரண்டிலும் விளிம்புக்குக் கீழே அவளுடைய அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதில் போய் மண்ணைப் போடுவதற்கு எனக்குக் கூசியது. ஆனால் அந்த நேரத்தில் வேறு பாத்திரம் தேட முடியவில்லை.

பட்டையிலிருந்து ஒரு பிடி மண்ணை ஒன்றில் போட்டுக் கலக்கினேன். களைக்காட்டிலிருந்து ஒரு பிடியை மற்றதில் போட்டுக் கலக்கினேன். இரண்டையும் கிணற்றுத் திட்டில் வைத்துவிட்டு, "கரி தண்ணீல மெதக்கும். எங்க போட்டிருக்கோமோ அங்க மெதக்கும். நீங்களே பாருங்க" என்று மராத்தியில் சொன்னேன். நான் மேடைப் பேச்சுக்குப் பழகியவள் இல்லை.

கலங்கல் மெல்ல அடங்கியது. ஒரு டம்ளரில் இரண்டு வைக்கோல் துரும்பு மட்டும் மேலே நின்றது. மற்றதில் கொஞ்சம் கரி முங்கிவிட்டது. மிச்சமெல்லாம் எள்ளு தூவினாற்போல விளிம்புவரை மிதந்தது. விருந்தினர் குனிந்து விரலால் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். கறுப்பாக இழுபட்டது.

"அப்ப நான் நல்லா இருக்குன்னு சொன்னது?"

"எதுவுமே செய்யாத எடங்க."

விருந்தினர் திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். "அதாவது நான் காசு குடுக்கறதா இருந்தா, எதுவும் செய்யாம இருக்கறதுக்குக் குடுக்கணும்!" என்றார். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாலு ஏக்கர்ப் பெரியவர் எழுந்துபோய்த் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

சுமன்தாயி சிரிக்கவில்லை.

"மேடம், ஆயிரம் வருஷம்னு காலைல சொன்னாரே, அது நெஜமா?"

"நெஜந்தான் தாயி."

"அப்ப என் பேரனோட பேரனும் இந்தக் களையப் பிடுங்கணுமா?"

"இல்ல. நாளாக நாளாகக் கரியோட பிடி தளரும். தொழு உரம் நெறையப் போட்டா இன்னும் சீக்கிரம் அடங்கும்."

"எப்ப?"

"தெரியாது தாயி."

எங்கள் அறக்கட்டளை அந்த நாளில் சொன்ன உருப்படியான வார்த்தை அந்தத் 'தெரியாது' ஒன்றுதான்.

இதற்குள் விருந்தினர் இயக்குநரின் தோளில் தட்டி, என் பட்டறையில்கூட இப்படி ஒரு சோதனை கிடையாது, முதலில் சரியான மண்ணைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் நிதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநர் கரி மிதந்த டம்ளரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "சார், இதத்தான் எல்லாருக்கும் காட்டணும்னு நெனச்சோம்" என்றார். கொஞ்சங்கூட வெட்கம் இல்லாமல் சொன்னார் என்று நினைக்காதீர்கள். சொல்லும்போதே அவர் அதை நம்பிவிட்டார். அது எல்லாருக்கும் வராது. போகும்போது மண்ணும் தண்ணீருமாக டம்ளரைக் காரில் ஏற்றிக்கொண்டு, "நாளைக்கு அனுப்பிடறேன் தாயி" என்றார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தைப் பூட்டிவிட்டு, நாங்கள் எல்லாரும் ஷிரூர் போய் அவளோடு குனிந்து களை பிடுங்கினோம். முதுகு ஒடிந்தது. மஞ்சளுக்கு இரும்புச் சத்துக் கரைசல் தெளித்தோம். பயிர் முழுசாகத் தேறவில்லை, முழுசாகப் போகவும் இல்லை. கரி அடுத்த வருஷம் முல்ஷி செம்மண்ணுக்குப் போயிற்று. சாணிக் கரைசலில் ஊறப்போட்டு, பக்கத்தில் ஒரு பட்டை விட்டு, நிதானமாகப் போட்டோம். ஓரளவு நன்றாகவே வந்தது. எரிக்காதே என்று நாங்கள் பத்து வருஷம் உபதேசம் செய்த நாற்றங்கால்காரர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். மரியாதைக்காரர்கள், சிரிக்கவில்லை. என்னை மட்டும் கரித் திட்டத்திலிருந்து இயக்குநர் விடுவித்துவிட்டார். எனக்கு வேலைப்பளு அதிகமாம்.

டம்ளர் நாளைக்குத் திரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டி வந்தது, தகடு வந்தது. இரண்டு முறை நான் கேட்டுப் பார்த்தேன். "மேடம், அது டெட் ஸ்டாக்ல ஏறிடுச்சு. இப்ப எடுக்க முடியாது" என்றார். அலுவலகச் சொத்துக் கணக்கில் ஏறிய பொருளும் மண்ணில் ஏறிய கரியும் ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் முன்கூடத்தில் விழா. இயக்குநர் எனக்குச் சால்வை போர்த்திவிட்டு டம்ளர் கதையைச் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்திருந்தது. இந்தத் தடவை, "தண்ணி கொண்டு வாங்க" என்று அவரே கேட்டார், அவரே கலக்கினார். எதுவும் செய்யாத பட்டையை விட்டதும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று மண்ணை எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல கதைதானே?

பாக்கரி ரொட்டியும் மிளகாய்த் துவையலும் கட்டிக்கொண்டு சுமன்தாயி எஸ்டி பஸ் பிடித்து வந்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் என் காதருகே வந்தாள்.

"மேடம், அதெல்லாம் இருக்கட்டும். என் டம்ளரக் குடுப்பாங்களா? வீட்ல ஒத்த டம்ளர் நிக்குது."

பெட்டியின் உள்ளே அவளுடைய அம்மாவின் பெயர் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது.

"சார், பெட்டிச் சாவி வேணுங்க" என்றேன்.

"மேடம், அது டெட் ஸ்டாக்."

"இன்னைலிருந்து நானும் டெட் ஸ்டாக்தானுங்க சார். ரெண்டையும் ஒரே வரில அடிச்சிருங்க."

சபை சிரித்தது. சிரிக்கிற சபையில் சாவி தராமல் இருக்க முடியாது. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அடியில் மண் காய்ந்து பாளமாக ஒட்டியிருந்தது. சுமன்தாயி தாழ்வாரத்துக் குழாயில் அதைப் பிடித்தாள். மண் கரைந்தது. ஒரு துண்டுக் கரி மேலே வந்து நின்றது. அவள் அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். கீழே கொட்டி, நன்றாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள்.

"வயல் இப்ப எப்படி இருக்கு தாயி?"

"கரி போட்டது, போடாதது, ரெண்டும் இப்ப ஒண்ணுதான். ஆனா அந்தப் பட்டைல இன்னும் புதுசா எதையும் போடறதில்ல. உங்க ஆளுங்க மறுபடி எதையாவது கொண்டாருவாங்கல்ல?"

முந்தானையால் டம்ளரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சால்வைக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாளைக்கு ஆபீஸுக்குப் போனதும் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் டம்ளரில் எந்தப் பக்கமும் பெயர் இருக்காது. என் விழா முடிந்த அடுத்த வாரமே இயக்குநர் கேம்பில் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வைத்தது அது. அதில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு பிடி மண்ணோ விழுந்ததில்லை. தகட்டை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அதற்கு உங்களுக்குச் சம்பளம் கிடையாது. கரியோ, அடுத்து வரப்போகிற எதுவோ, வயலுக்குக் கொண்டுபோகும்போது ஜீப்பில் இரண்டு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த டம்ளராக இருக்கட்டும்.